பொந்து யாருக்கு? ஐரோப்பிய நகரங்களில் பச்சைக்கிளியும் அதன் அண்டை உயிர்களும்

1974ஆம் ஆண்டில் பிரஸ்ஸல்ஸ் நகரின் அட்டோமியம் அருகே இயங்கிவந்த மெலி பூங்காவின் பொறுப்பாளர், ஏறத்தாழ 40 பச்சைக்கிளிகளைக் கூண்டிலிருந்து திறந்துவிட்டார். மழையும் மேகமூட்டமுமாகக் கிடக்கும் அந்த நகரத்துக்குக் கொஞ்சம் நிறம் சேரட்டும் என்பது அவருடைய எண்ணம் என்று சொல்கிறார்கள். நிறம் சேர்ந்துவிட்டது. இன்று அந்த நகரத்துக் கிளிகளின் மதிப்பீடு 10,000ஐத் தாண்டுகிறது.

அங்கிருந்து தொலைதூரம் தெற்கே, ஸ்பெயினின் செவில் நகரில் மரியா லூயிசா என்ற பழைய பூங்கா இருக்கிறது. ஐரோப்பாவின் மிகப் பெரிய வௌவாலான பெருநாக்ட்யூல் அந்தப் பூங்காவின் மரப்பொந்துகளில் குடியிருக்கிறது. இறக்கையை விரித்தால் ஒரு முழம் இருக்கும். இரவில் வலசை போகும் சிறு பறவைகளை வானத்திலேயே பிடித்துத் தின்னும் அபூர்வ உயிர் அது. அந்தப் பூங்காவில் கிளிகள் 14 ஆண்டுகளில் ஏறத்தாழ 20 மடங்கு பெருகின. அதே காலத்தில் இந்த வௌவால் குடியிருந்த மரங்களின் எண்ணிக்கை 81 விழுக்காடு சரிந்தது. டைலோஸ் எர்னாண்டஸ்-பிரிட்டோவும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட கணக்கு இது. மரத்தடியில் கிளிகள் கடித்துக் கொன்ற வௌவால்களையும் அவர்கள் கண்டிருக்கிறார்கள்.

இரண்டு ஊரிலும் இருப்பது ஒரே பறவை. அறிவியல் பெயர் சிட்டகுலா கிராமெரி. நம் ஊரில் கிளி என்ற ஒற்றைச் சொல்லால் நாம் குறிப்பதும் பெரும்பாலும் இதைத்தான். 2015 வாக்கில் திரட்டப்பட்ட கணக்கின்படி ஐரோப்பாவின் 10 நாடுகளில் 90 இடங்களில் இது இனம்பெருக்கி வாழ்ந்தது. மொத்தம் 85,000க்குக் குறையாது. இத்தனை பெருகிய பறவையால் தீங்கு உண்டா என்ற கேள்விக்கு ஆய்வுகள் தரும் விடைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. முட்டல் எங்கே நேர்கிறது, ஏன் நேர்கிறது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. என் வாதத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கிளிகளின் தலையை எண்ணி இதற்கு விடை காண முடியாது. எண்ண வேண்டியது பொந்துகளை.

வந்த வழி

லண்டன் கிளிகள் எப்படி வந்தன என்று அந்த நகரத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை கிடைக்கும். 1951இல் வெளிவந்த 'தி ஆஃப்ரிக்கன் குயீன்' படத்தின் காட்சிகளுக்காகக் கொண்டுவந்த கிளிகள் படப்பிடிப்புத் தளத்திலிருந்து தப்பின என்பார் ஒருவர். 1960களில் கிதார் கலைஞர் ஜிமி ஹென்றிக்ஸ் கார்னபி தெருவில் ஒரு சோடியைப் பறக்கவிட்டார் என்பார் இன்னொருவர். 1987ஆம் ஆண்டுப் பெரும்புயலில் பறவைக்கூடங்கள் உடைந்ததுதான் காரணம் என்பவர்களும் உண்டு.

இந்தக் கதைகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. தொடர்குற்றவாளியின் இருப்பிடத்தைக் குற்றம் நடந்த இடங்களைக் கொண்டு கணிக்கும் ஒரு முறையைப் போலீசார் கையாள்வதுண்டு. லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் லெ கோம்பர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதே முறையைக் கிளிகள் தென்பட்ட இடங்களின் பதிவுகள்மீது போட்டுப் பார்த்தார்கள். கதைகள் சுட்டும் எந்த இடமும் பரவலின் தொடக்கப்புள்ளியாகத் தேறவில்லை. பழைய செய்தித்தாள்களில் அவர்கள் கண்டது வேறு. கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் கிளிக்காய்ச்சல் 1929-30 வாக்கில் பெரும் பீதியைக் கிளப்பியிருந்தது. வளர்த்த பறவையைக் கையால் கொல்ல மனம் வராதவருக்குச் சன்னலைத் திறந்துவிடுவது எளிது. இப்படிப் பலர் பல காலமாகச் சிறிது சிறிதாக விட்டதும் தப்பியதுமே இன்றைய கூட்டமாகியிருக்கும் என்பது அவர்கள் முடிவு.

எனக்கு இந்த முடிவு முக்கியமாகப் படுகிறது. புகழ்பெற்ற ஒருவர், ஒரு புயல், ஒரு படப்பிடிப்பு என்று தொடக்கத்துக்கு ஒரு முகம் கொடுத்துவிட்டால், பின்னால் இருந்த வணிகம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. 1984 முதல் 2007 வரை மட்டும் 1,46,000க்கும் மேற்பட்ட பச்சைக்கிளிகள் ஐரோப்பாவுக்குள் முறையான இறக்குமதியாக வந்ததை வணிக ஆவணங்கள் காட்டுகின்றன. ஆவணத்தில் ஏறாமல் வந்தவை தனி. இந்தியாவில் காட்டுப்பறவை வணிகத்துக்கு 1990-91இல் முழுத் தடை வந்தது. பறவைக்காய்ச்சல் அச்சத்தால் 2005இல் தற்காலிகமாகவும் 2007இல் நிரந்தரமாகவும் ஐரோப்பிய ஒன்றியம் காட்டுப்பறவை இறக்குமதியை நிறுத்தியது. அதற்குள் பறவைகள் மரமேறிவிட்டன.

எந்த ஊர்க் கிளிகள் இவை? இந்த இனத்தில் நான்கு உட்பிரிவுகள் உண்டு. இரண்டு ஆப்பிரிக்காவுக்கு உரியவை. ஒன்று பாகிஸ்தான் தொடங்கி வட இந்தியா வழியாகக் கிழக்கே பரவியது. நான்காவது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது. மணிலாவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லாதிருந்தும் அறிவியல் அதற்கு மணிலென்சிஸ் என்று பெயரிட்டுவிட்டது. ஹேசல் ஜாக்சன் குழுவினர் ஐரோப்பியக் கிளிகளின் மரபணுவை அருங்காட்சியகங்களில் உள்ள பழைய கிளித்தோல்களின் மரபணுவோடு ஒப்பிட்டு 2015இல் எழுதினார்கள். ஐரோப்பாவில் நிலைத்தவை பெரும்பாலும் பாகிஸ்தான், வட இந்தியப் பகுதிகளின் வழிவந்தவை. ஆப்பிரிக்காவிலிருந்தும் ஏராளமாக இறக்குமதி நடந்ததை நினைத்தால் இது தற்செயல் ஆகாது. மார்கழிக் குளிரைக் கண்ட வட்டாரத்துப் பறவை பனியிலும் தாக்குப்பிடித்தது. டீடெரிக் ஸ்ட்ரப்பேயும் கூட்டாளிகளும் அதே ஆண்டில் இன்னொன்றையும் சேர்த்தார்கள்: சொந்த நாட்டிலேயே மனிதரை அண்டி வாழப் பழகியிருந்ததுதான் இந்தப் பறவை அயல்நாட்டுக் குளிரிலும் நிலைப்பதற்குக் கைகொடுத்தது.

இது நமக்குப் புதிய செய்தியா? தினைப்புனத்தில் பரண் கட்டிக் கிளி ஓட்டியதையும், அதற்கென்றே தட்டை, குளிர், கவண் என்று கருவிகள் வைத்திருந்ததையும் சங்கப் பாடல்கள் பதிந்திருக்கின்றன. மனிதர் விதைத்ததை உண்ணும் கலையை இந்தப் பறவை குறைந்தது 2,000 ஆண்டுகளாகப் பயின்றுவருகிறது. லண்டனை அடுத்த சர்ரே வட்டாரத்துத் தோட்டத்தில் பறவைகளுக்காகத் தொங்கவிடும் நிலக்கடலைக் கூடை அதற்கு இன்னொரு புனம்.

கூடி அடையும் பறவை

கிளியின் நாள் இரண்டு இடங்களுக்கு இடையே ஓடுகிறது: கூட்டமாக அடையும் மரம், சோடியாகக் காக்கும் பொந்து. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அதன் பரவலையோ அண்டை உயிர்களோடு அதன் பகையையோ விளங்கிக்கொள்ள முடியாது.

மாலையில் திசைக்குத் திசை சிறு கூட்டங்களாகப் புறப்பட்டு, வழியில் ஏதாவது ஓர் உயர்ந்த மரத்தில் சற்றே கூடி, பிறகு மொத்தமாக அடைவிடம் வந்து சேரும். லண்டனுக்குத் தென்மேற்கே ஹெர்ஷமில் ஒரு ரக்பி மைதானத்தின் ஓரத்து மரங்கள் பல ஆண்டுகள் ஆயிரக்கணக்கான கிளிகளின் அடைவிடமாக இருந்தன. சென்னை இராயப்பேட்டையில் மொட்டைமாடி ஒன்றில் ஊறவைத்த அரிசிக்கு வந்திறங்கிய கிளிக்கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த இரைச்சலை விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. ஒரு கிளை நிரம்பியபின் வரும் பறவை இடத்துக்காக அலகை நீட்டும், இருப்பது நகராது, வந்தது ஒரு சுற்றுச் சுற்றி வேறு கிளைக்குப் போகும். வல்லூறு தலைகாட்டினால் அத்தனையும் ஒரே வீச்சில் எழும். தனியாக இருந்தால் தெரியாத ஆபத்து கூட்டத்தில் யாரோ ஒருவர் கண்ணில் பட்டுவிடும். இரை கிடைத்த திசையையும் கூட்டத்தில் இருப்பவை ஒன்றையொன்று தொடர்ந்து போய் அறிந்துகொள்கின்றன என்ற கருத்தும் உண்டு. அது நியாயமான ஊகமாகவே எனக்குத் தோன்றுகிறது.

கிளிகளின் எண்ணிக்கை என்று நாம் படிக்கும் பெரும்பாலான எண்கள் இந்த அடைவிடங்களில் அந்தி நேரத்தில் நின்று எண்ணியவை. முட்டையிட்ட பெட்டைகள் இரவில் பொந்திலேயே தங்கிவிடுவதால், இனப்பெருக்கக் காலத்தில் எண்ணினால் கணக்கு குறையும். குஞ்சுகள் பறந்தபின் எண்ணினால் கூடும். ஒரே ஊருக்கு இரு வேறு எண்கள் சொல்லப்படும்போது முதலில் கேட்க வேண்டியது, எந்த மாதத்தில் எண்ணினார்கள் என்பதை.

இனிப் பொந்து. சோடிக்குள் மேலாண்மை பெட்டைக்குத்தான். கழுத்தில் கறுப்பும் ரோசாவுமாக ஆரம் பூண்ட ஆண், தலையைச் சாய்த்துச் சாய்த்து நெருங்கி, கக்கிய இரையை அதன் வாயில் ஊட்டும். அதையும் பெட்டை அனுமதித்தால்தான் உண்டு. பொந்தைத் தேர்வதில் முன்கை எடுப்பதும், வாசலில் நின்று காப்பதும் பெரும்பாலும் பெட்டையே. கிளியால் மரங்கொத்தியைப் போலப் புதிதாகப் பொந்து குடைய முடிவதில்லை. மரங்கொத்தி விட்டுப்போனதையோ, கிளை ஒடிந்து உளுத்த இடத்தையோ எடுத்துக்கொண்டு அலகால் வாசலைச் செதுக்கி அகலப்படுத்திக்கொள்ளும். நம் வயல்வெளியில் கொண்டை போன மொட்டைப் பனையில் இதைப் பார்க்கலாம். பொந்தின் விளிம்பில் புதிதாகச் செதுக்கிய நார் வெளிறித் தெரியும். உள்ளே பெட்டையின் முகம் மட்டும். எதிரே மின்கம்பியில் ஒரு சோடி மைனா மணிக்கணக்காகக் காத்திருக்கும். கிளி வெளியே போன நேரம் பார்த்து உள்ளே தலையை விடும். திரும்பி வந்த கிளி அதன் காலைக் கவ்வி இழுக்கும். பனங்காடையும் புள்ளி ஆந்தையும் அதே பனையைச் சுற்றி வரும். சாரைப்பாம்பும் உடும்பும் ஏறும். இத்தனை பேர் நடுவில் பிடித்துவைக்கும் பொந்துதான் இந்தக் கிளியின் குணத்தை வடித்திருக்கிறது. நெருக்கடியான குடியிருப்பில் வளர்ந்த பறவையை, அத்தனை முரட்டு அண்டைவீட்டார் இல்லாத ஊரில் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும் என்பதே ஐரோப்பா காணும் சோதனை.

ஒன்று மட்டும் இடையில் சொல்ல வேண்டும். குடியேறிய கிளிகள் எல்லாம் பொந்துக் கிளிகள் அல்ல. தென்னமெரிக்காவிலிருந்து கூண்டில் வந்து பார்சிலோனா, மாட்ரிட், சிகாகோ போன்ற நகரங்களில் பெருகிய மாங்க் கிளி, குச்சிகளை அடுக்கிப் பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் பெருங்கூடு கட்டுகிறது. கிளிகளில் இப்படிக் கட்டுவது அரிது. பெல்ஜியம், இத்தாலி, கிரீஸ், ஸ்பெயின் ஆகிய நான்கு நாடுகளின் எட்டு நகரங்களில் அதன் அழைப்பொலிகளைப் பதிவுசெய்து ஒப்பிட்ட சிமியோன் ஸ்மீலே குழுவினர், நகரத்துக்கு நகரம் வட்டாரவழக்கு வேறுபடுவதைக் காட்டினார்கள். ஒரே நகரத்துப் பூங்காக்களுக்கு இடையே அப்படிப் பிரிவு தெரியவில்லை. இந்தக் கூட்டங்கள் உருவாகி அரை நூற்றாண்டுதான் ஆகிறது. கூண்டிலிருந்து தப்பியவற்றின் பேரன் பேத்திகள் அதற்குள் ஊர்ப்பேச்சு உருவாக்கிக்கொண்டன என்றால், கூடிவாழ்தல் இந்த உயிர்களுக்கு எவ்வளவு ஆழமானது என்பது புரியும்.

ஒரே கிளி, முரண்படும் சான்றுகள்

தீங்கு குறித்த ஆய்வுகளுக்கு வருவோம். முதலில் பெல்ஜியம். அங்கே கவலைக்குரிய பறவை நட்ஹாட்ச்: மரத்தண்டில் தலைகீழாக இறங்கவல்ல சிறு பறவை. அதற்கு ஒரு வழக்கம் உண்டு. பொந்தின் வாசல் பெரிதாக இருந்தால் சேற்றைக் கொண்டுவந்து பூசி, தன் உடம்பு மட்டும் நுழையும் அளவுக்குக் குறுக்கிவிடும். பெரிய பறவைகளைத் தடுக்க அது கண்டுபிடித்த கதவு இது. ஆனால் கிளி முந்திக்கொள்கிறது. பிப்ரவரி, மார்ச்சிலேயே கிளி பொந்தில் உட்கார்ந்துவிட்டால், பின்னால் வரும் பறவை பூசுவதற்கு வாசல் ஏது?

ஸ்ட்ரப்பேயும் எரிக் மத்தைசெனும் 2009இல் வெளியிட்ட பரிசோதனை துணிச்சலானது. கிளிகள் வழக்கமாகப் பயன்படுத்திய பொந்துகளில் பலவற்றை அவர்கள் அடைத்துவிட்டார்கள். கிளிகள் போய்விடவில்லை. அடுத்திருந்த பொந்துகளைப் பிடித்தன; அங்கிருந்த நட்ஹாட்ச்கள் குறைந்தன. போட்டி உண்மை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. ஆனால் அடுத்த ஆண்டிலேயே அதே ஆய்வாளர்கள் ஃபிளாண்டர்ஸ் பகுதி முழுமைக்கும் கணக்குப் போட்டபோது, கிளி பரவக்கூடிய அளவுக்குப் பரவினாலும் பாதிப்புக்கு உள்ளாவது நட்ஹாட்ச்களில் அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்குதான் என்று கண்டார்கள்.

அடுத்தது பிரிட்டன். அங்கே 1855இல் நார்ஃபக்கில் பச்சைக்கிளி ஒருமுறை கூடு வைத்ததாகப் பதிவு உண்டு; தொடர்ச்சியான இனப்பெருக்கம் 1969இல் கென்ட்டில் தொடங்குகிறது. 1983இல் நாட்டின் பறவைப் பட்டியலில் இடம்பிடித்தது. 1995க்குப் பிறகு பத்து மடங்குக்கும் மேல் பெருகி, வடக்கே கிளாஸ்கோ வரை போய்விட்டது. இத்தனைக்கும் ஸ்டூவர்ட் நியூசன் குழுவினர் நாடு தழுவிய பறவைக் கணக்கெடுப்புத் தரவுகளை 2011இல் அலசியபோது, கிளிகளால் நட்ஹாட்ச் எண்ணிக்கை குறைந்ததற்கான அடையாளம் கிடைக்கவில்லை.

பெல்ஜிய ஆய்வைப் பிடித்துக்கொண்டு கிளியைச் சுடச் சொல்பவர்களும், பிரிட்டன் ஆய்வைப் பிடித்துக்கொண்டு கவலை வேண்டாம் என்பவர்களும் உண்டு. இரண்டு ஆய்வும் சரி என்றே நான் படிக்கிறேன். ஒன்று மரத்தடியில் நின்று கேட்கிறது: இந்தப் பொந்தில் கிளி வந்தால் இங்கிருந்த பறவைக்கு என்ன ஆகும்? மற்றது நாட்டின்மேல் நின்று கேட்கிறது: மொத்தப் பறவைகள் குறைந்தனவா? பழைய மரங்களும் உளுத்த கிளைகளும் நிறைந்த ஊரில், துரத்தப்பட்ட பறவை பக்கத்து மரத்துக்குப் போய்விடும். துரத்தல் உண்மையாகவே நடக்கும். கணக்கில் மட்டும் ஏறாது. பரிசோதனையில் ஆய்வாளர்கள் செய்ததும் இதன் மறுபக்கம்தான்: பொந்துகளைக் குறைத்தார்கள், உடனே தீங்கு வெளிப்பட்டது.

இரைக்கூடைகளில் நடப்பது வேறு வகை. ஹானா பெக் குழுவினர் லண்டன் வட்டாரத் தோட்டங்களில் இரைக்கூடைக்குப் பக்கத்தில் கூண்டுக் கிளியை வைத்துப் பார்த்தார்கள். பட்டாணிக்குருவிகள் குறைவாகத் தின்றன. அதிக நேரம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. அதே இடத்தில் உள்ளூர் மரங்கொத்தியை வைத்தபோது இந்த அளவுக்கு அச்சம் இல்லை. கிளிகள் ஏற்கெனவே வாழும் பகுதிகளில் குருவிகள் ஓரளவு பழகியிருந்தன என்பதையும் 2014இல் வெளிவந்த அந்த ஆய்வு குறிப்பிடுகிறது. இதைப் பெருங்கேடாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. இரையை வைத்தவரும், வைக்காமல் இருக்க முடிந்தவரும் மனிதரே. குளிர்காலத்தைத் தாண்டக் கிளிக்கு உதவும் முக்கியமான சோறு அந்தக் கூடைகளில் இருக்கிறது.

இப்போது செவிலுக்குத் திரும்புவோம். மற்ற இரண்டு ஊர்களிலும் கலங்கலாகத் தெரிந்த காட்சி அங்கே ஏன் இத்தனை தெளிவாகிறது? விடை வௌவாலின் சமூக வாழ்க்கையில் இருக்கிறது. ஆனா போப்பா-லிசியானுவும் உடன் பணியாற்றியவர்களும் அந்தப் பூங்காவின் பெருநாக்ட்யூல்களை அடையாளமிட்டுப் பின்தொடர்ந்து 2008இல் எழுதியிருக்கிறார்கள். பூங்காவின் பெட்டை வௌவால்கள் மூன்று தனிக் குழுக்களாக வாழ்ந்தன. ஒரு குழுவைச் சேர்ந்தவை எல்லாம் ஒரே பொந்தில் கிடப்பதில்லை; பல மரங்களில் பிரிந்து அடைகின்றன; நாளுக்கு நாள் இடம்மாறி, பிரிந்து, கூடி வாழ்கின்றன. ஒரு குழுவின் வீடு என்பது ஒரு பொந்து அன்று. பல மரங்களின் பொந்துகளால் ஆன ஒரு தெரு. கிளி ஒரு பொந்தைப் பிடிக்கும்போது வௌவாலுக்கு ஒரு படுக்கை மட்டும் போவதில்லை, அந்தத் தெருவில் ஒரு வீடு இடிகிறது. 81 விழுக்காடு மரங்கள் போனால் தெருவே போயிற்று. தவிர, நட்ஹாட்ச்சைப் போலப் பக்கத்துக் காட்டுக்குப் பறந்து போய்க் குடியேற இந்த வௌவாலுக்கு வழி குறைவு. முதிர்ந்த பெருமரங்கள் உள்ள காடுகள் ஐரோப்பா முழுக்கச் சுருங்கிவிட்டதால்தான் அது நகரப் பூங்காவுக்கே வந்து ஒதுங்கியிருந்தது. அந்த இனத்தின் அறியப்பட்ட பெருங்குடியிருப்புகளில் ஒன்று இதே பூங்காவில் அமைந்ததும் அதனால்தான்.

பகலில் உறங்கும் வௌவாலைப் பகலில் இயங்கும் கிளி தாக்குகிறது. கூடி எழுந்து கூச்சலிட்டு எதிரியை விரட்டும் பழக்கம், சொந்த ஊரில் பாம்புக்கும் பருந்துக்கும் எதிராகப் பயன்பட்டது, இங்கே தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஓர் உயிரின் மேல் பாய்கிறது. இறக்கைச் சவ்வு கிழிந்து தரையில் விழுந்த வௌவாலுக்கு மீட்சி இல்லை.

தீவில் கணக்கு வேறு

பெருநிலத்தில் விவாதிக்க நேரம் இருக்கிறது. தீவில் இருப்பதில்லை. மொரீசியஸில் இந்தப் பச்சைக்கிளி 19ஆம் நூற்றாண்டிலேயே கொண்டுவரப்பட்டது. அத்தீவுக்கே உரிய எக்கோ கிளி இதன் நெருங்கிய உறவு. 1980களில் பத்துப் பன்னிரண்டு என்ற அளவுக்குக் குறைந்து, கடும் உழைப்பால் மீட்கப்பட்டது. அதன் கூட்டத்தில் அலகு-இறகு நோய் என்ற வைரஸ் தொற்று பரவியது. பச்சைக்கிளியும் சுமக்கும் நோய் அது.

இந்த அனுபவத்தைச் செஷல்ஸ் பார்த்திருந்தது. அங்கே பிரஸ்லின் தீவில் மட்டும் வாழும் கருங்கிளி இருக்கிறது. பக்கத்து மாஹே தீவில் பச்சைக்கிளிகள் பெருகத் தொடங்கியதும், கடலைத் தாண்டுமுன் தடுக்க முடிவுசெய்தார்கள். 548 பறவைகள் கொல்லப்பட்டன. கடைசிப் பறவை 2017இல். ஒழிப்பு முடிந்ததென்று 2019இல் அறிவித்தார்கள். 548 என்ற எண்ணை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. கூண்டில் பிடித்து அனுப்பியவர்களும் வாங்கி வளர்த்தவர்களும் செய்ததற்கு அந்தப் பறவைகள் உயிரால் ஈடு கொடுத்தன. ஆனாலும் அந்த முடிவை நான் ஏற்கிறேன். கருங்கிளிக்குப் போக வேறு இடம் கிடையாது. பச்சைக்கிளிக்கு இரண்டு கண்டங்கள் இருக்கின்றன.

சொல் செய்யும் வேலை

கிளியைப் பற்றிய ஐரோப்பிய எழுத்துகளில் படையெடுப்பு, ஆக்கிரமிப்பு, அயல் என்ற சொற்கள் சரளமாக விழுகின்றன. ஆசியாவிலிருந்து வந்து, உரத்துப் பேசி, கூட்டமாக வாழும் பறவை என்ற வருணனை, மனிதக் குடியேற்றத்தைப் பற்றிய பேச்சாக நழுவிவிடுவது சிரமமான காரியம் அன்று. இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் போய் அந்த நகரங்களில் வாழும் தமிழர்கள், பூங்காவில் இந்தக் கிளியைக் காணும்போது ஊர்க்காரரைக் கண்டதுபோல் மகிழ்வதும் இயல்பு.

இரண்டு நிலைகளிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. குடியேறியவரை வெறுப்பவர் கிளியை உவமையாக்குகிறார். அந்த வெறுப்பை எதிர்ப்பவர் அதே உவமையை ஏற்றுக்கொண்டு, கிளியைக் குறை சொல்வதே இனவாதம் என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் வௌவால் காணாமல் போகிறது. மனிதர் ஊர் மாறுவது உயிரினப் பரவலோடு ஒப்பிடத் தகாதது. கிளியைத் தூக்கிக்கொண்டு போய் விட்டது மனிதர். அதன் விளைவுக்குப் பொறுப்பும் மனிதருக்கே. அந்தப் பொறுப்பைக் கிளியின் பிறந்த நாட்டைக் காட்டித் தட்டிக்கழிக்கவும் முடியாது, கிளியின் அழகைக் காட்டி மறக்கவும் முடியாது.

செவிலில் சுட்டுக் குறைக்கும் திட்டம் எழுந்தபோது விலங்குநேயர்கள் எதிர்த்தார்கள். கிளிமீது அவர்கள் காட்டிய இரக்கத்தை நான் மதிக்கிறேன். வௌவாலுக்கும் அதில் பங்கு இருந்திருக்க வேண்டும். பிரிட்டனில் நிலைமை நேரெதிர்: பயிர்ச்சேதம் போன்ற காரணங்களுக்காகக் கிளிகளைக் கொல்லப் பொது அனுமதி 2010 முதல் இங்கிலாந்தில் உண்டு. 2002இல் சர்ரேயின் திராட்சைத் தோட்டம் ஒன்றில் 3,000 புட்டி மது எதிர்பார்த்த இடத்தில் 500தான் கிடைத்தது என்ற செய்தி அந்த விவாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்பட்டது. திராட்சைக்கு நேர்ந்த இழப்பை எண்ண உடனே ஆள் கிடைத்துவிடுகிறார்கள்.

பொந்துக் கணக்கு

நான் கேட்பது இதுதான். கிளிகள் எத்தனை என்று அந்தியில் நின்று எண்ணுவதோடு, அந்த ஊரில் பொந்துள்ள மரங்கள் எத்தனை, அவற்றில் யார் குடியிருக்கிறார்கள், ஆண்டுதோறும் எத்தனை மரங்களைப் பாதுகாப்பு என்ற பெயரில் நகராட்சிகள் வெட்டுகின்றன என்பதையும் எண்ண வேண்டும். பொந்து மிகுந்த பூங்காவில் கிளிகள் ஆயிரம் இருந்தாலும் அண்டை உயிர்கள் சமாளிக்கக்கூடும். பொந்து அருகிய பூங்காவில் சில சோடிகளே போதும். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் கிளிகள் கட்டடங்களின் வெளிச்சுவரில் வெப்பக்காப்புக்காக ஒட்டிய நுரைப்பலகையைக் குடைந்து கூடு வைக்கின்றன. மரத்தில் இடம் போதாதபோது சுவருக்கு வருகின்றன என்றால், அங்கே நட்ஹாட்ச்சுக்கும் மரத்தில் இடம் போதவில்லை என்றுதானே பொருள்?

நம் பக்கத்தில் இந்தக் கணக்கை எழுதியவர் யாரும் என் கண்ணில் படவில்லை. செங்கல் சூளைகளுக்காகப் பனைகள் சாய்ந்தபோது நாம் நுங்கையும் பதநீரையும் நினைத்து வருந்தினோம். பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தபோது பேசப்பட்டதும் பாளையும் ஓலையும் தரும் பச்சை மரத்தைப் பற்றியே. கொண்டை போய்ப் பயனற்றுப்போனதாகக் கருதப்படும் மொட்டைப் பனையில்தான் கிளி முட்டையிடுகிறது. அதன் கீழ்ப்பொந்தில் மைனா, மேலே பனங்காடை. ஐரோப்பாவில் ஆயிரமாயிரமாக அடையும் அதே இனத்துப் பறவை, இங்கே ஏரிக்கரையில் நிற்கும் ஒற்றைப் பனையின் வாசலில் உட்கார்ந்து, எதிரே கம்பியில் காத்திருக்கும் மைனாவைப் பார்த்தபடி நார் செதுக்கிக்கொண்டிருக்கிறது.